முழுவதும் கேட்டவர்

காலை மணி அடித்ததும் செவ்வாய்க் குடியிருப்பில் எல்லோரும் ஓட்டச்சுரங்கத்துக்குள் இறங்கினார்கள். ஓடாவிட்டால் எலும்பு உளுத்துப்போகும். அந்தக் கிரகத்தின் ஈர்ப்பு அவ்வளவு சோனி. வெறுமனே ஓடினால் நேரம் வீணாகிறதே என்று எப்போதோ யாரோ கவலைப்பட, காதெலும்பில் பதித்த செவிப்பொறிகளில் ஆய்வுரைகளை ஒலிக்கவிட்டார்கள். பூமியில் காதில் குமிழைச் செருகிக்கொண்டு பூங்காவைச் சுற்றி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தானே, வேறு எப்படி இருப்பார்கள்?

செவிப்பொறி கெட்டிக்காரப் பொறி. உரையை மூன்று மடங்கு வேகத்தில் ஊட்டும். ஓடுகிறவருக்கு மூச்சு வாங்கும் என்பதால், உருக்கமான இடம் வந்தால் அவர் சார்பில் அதுவே 'மிக அருமை' என்று பேச்சாளருக்குச் செய்தி அனுப்பிவிடும். உரை முடிந்ததும், கேட்டவர் கணக்கில் ஒன்று கூடும்.

அறவாழியின் கணக்கை நெருங்க ஆளில்லை. காற்றுக்குழாய்ப் பராமரிப்பில் அவர் நடுத்தர அதிகாரிதான். ஆனாலும் 'சிறப்புச் செவியர்' என்ற பட்டம் இருந்ததால் சுரங்கத்தில் அவருக்கு ஒதுங்கி வழிவிட்டார்கள். அவர் மனைவி மட்டும், நான் சொல்வது எதுவும் இந்த மனுஷன் காதில் ஏறுவதில்லை என்று பக்கத்து வீட்டில் புலம்பிக்கொண்டிருந்தாள். உள்ளதைச் சொன்னால், ஓடும்போது அவர் பெரும்பாலும் மத்தியானச் சாப்பாட்டைப் பற்றித்தான் யோசித்தார்.

அன்று ஒரு பெண் கைகாட்டி அவரை நிறுத்தினாள். பெயர் பூம்பாவை. குடியிருப்புக்கு மூச்சுக்காற்று தரும் பாசி ஏன் கறுத்துச் சாகிறது என்று பாசிக் கொட்டகையில் ஆராய்கிறவள். கேட்க ஆளில்லாத ஆய்வை மூடிவிடுவது குடியிருப்பை ஆளும் அவையின் வழக்கம். முழுவதும் கேட்ட ஒருவராவது வந்து சாட்சி சொன்னால் தப்பிக்கலாம். அவள் உரையை முழுவதும் கேட்டதாகக் கணக்கில் இருந்தவர் அறவாழி ஒருவர்தான். அவையோ இதோ வந்துகொண்டிருக்கிறது, கொஞ்சம் தயவு பண்ணுங்கள் என்றாள்.

அறவாழி பெருமையாகத் தலையாட்டினார். எந்த உரை என்று சுத்தமாக ஞாபகமில்லை. ஆழமான ஆய்வு, அவசியமான ஆய்வு என்று நாலு வார்த்தை சொல்லிச் சமாளித்துவிடலாம் என்று நினைத்தார்.

"எங்க வீட்டுக்காரர் கொட்டகையிலயே மூச்சு முட்டிச் செத்ததைச் சொல்லியிருந்தேன் இல்லீங்களா சார், அந்த இடத்துல நீங்க 'மிக அருமை'ன்னு அனுப்பியிருந்தீங்க," என்றாள் அவள். "முதல்ல எனக்கு வயிறு எரிஞ்சுது. அப்புறம், உயிர் போற வரைக்கும் அவர் காத்தை அளந்து சொல்லிக்கிட்டே இருந்தாரே, அதைத்தான் சொல்றீங்கன்னு புரிஞ்சுக்கிட்டேன். இப்பவும் மனசு சரியில்லன்னா அந்த ஒரு வரியைத்தான் எடுத்துப் பார்ப்பேன்."

அறவாழிக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. மண்ணுக்குள் புதைந்துவிடலாம் என்றால், ஏற்கெனவே மண்ணுக்குள்தான் நின்றுகொண்டிருந்தார்.

அதற்குள் அவை வந்துவிட்டது. அவை உறுப்பினர்களுக்கும் எலும்பு உண்டல்லவா, அதனால் அவை ஓடியபடியே கூடும். சாட்சி கூடவே ஓடிப் பேச வேண்டும்; மனு கொடுத்தவர் ஓரமாக நின்று தன் செவிப்பொறியில் கேட்டுக்கொள்ளலாம். அறவாழி ஓடினார். சமாளிக்க வைத்திருந்த நாலு வார்த்தையைச் சொல்ல வாயைத் திறந்தார். திரும்பிப் பார்த்தார். அவள் கைகூப்பி நின்றிருந்தாள்.

"நான் அந்த உரையைக் கேக்கவே இல்லைங்க," என்றார். "அந்த 'மிக அருமை' நான் சொன்னதில்ல, என் காதுல இருக்கிற பொறி அனுப்பினது. இந்தம்மா வீட்டுக்காரர் செத்துப்போன விஷயமே இப்ப இவங்க சொல்லித்தான் தெரியும். என் கணக்குல இருக்கிற எதையும் நான் கேட்டதில்ல. என் பட்டத்தைப் பிடுங்கிக்குங்க, எனக்கு வெக்கமா இருக்கு. கொட்டகையை மட்டும் மூடாதீங்க. யாராவது ஒருத்தர் நின்னு அந்த உரையைக் கேளுங்க."

யாரும் நிற்கவில்லை. ஓட்டம் வட்டச் சுரங்கத்தைச் சுற்றிப் பூம்பாவை நின்ற இடத்துக்கே வந்திருந்தது. உறுப்பினர்களின் காதோரத்தில் செவிப்பொறிகளின் பச்சை விளக்குகள் வரிசையாக மினுங்கின. உருக்கமான இடம்தானே, எல்லோரிடமிருந்தும் 'மிக அருமை' வந்து சேர்ந்தது. கனமான சாட்சியம் ஏற்கப்பட்டது, கொட்டகை தொடரலாம், சிறப்புச் செவியரே இனி அதற்கு ஆலோசகர் என்று மூச்சிரைக்க அறிவித்துவிட்டு, தலைவர் மற்றவர்களோடு வளைவில் திரும்பி மறைந்தார்.

அறவாழி பின்னாலேயே ஓடி, நான் சொன்னதைக் கேளுங்கள் என்று கத்தப் போனார். பூம்பாவை குறுக்கே வந்து சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். "விடுங்க. கொட்டகை பொழைச்சுது. நீங்க சொன்னது அவங்க காதுல விழுந்தா மூடிடுவாங்க."

அவள் பேச்சில் முன்பிருந்த 'சார்' இல்லை. அவர் பேசியதை ஒரு சொல் விடாமல் கேட்டவள் அங்கே அவள் ஒருத்திதான். அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்க அவருக்குத் திராணியில்லை. மன்னிப்புக் கேட்பதற்கு முன் ஒன்றையாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது.

"உங்க வீட்டுக்காரர் பேர் என்னம்மா?" என்றார்.

"உரையில சொல்லியிருக்கேன்," என்று சொல்லிவிட்டு அவள் கொட்டகையைப் பார்த்து நடந்தாள்.