பானட்டைத் திறக்காத வருடங்கள்

"பத்து மணிக்கு ஆள் வருது. ஷெட் சாவி வேணும்."

தியோடர் இதைச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துச் சொன்னார். அடுப்பருகே நின்ற தன் மனைவி பெர்னதெத்துக்குத்தான் சொல்கிறார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவளோடு பேச வேண்டியதையெல்லாம் அவர் பல வருடங்களாகக் காலண்டரிடமும் கதவிடமும்தான் சொல்லி வந்தார்.

"யாரு வராங்க?"

"ஜெயநகர்லேர்ந்து ஒருத்தர். பழைய வண்டிங்களை வாங்கிச் சேர்க்கிறவரு. மோரிஸைக் கொடுத்துடப் போறேன்."

தோசைக் கரண்டி அவள் கையில் அப்படியே நின்றது. "மாமாவோட வண்டியையா...?"

"உள்ள இருக்கிறது ஒரிஜினல் எஞ்சின் இல்லேன்னு அவர்கிட்ட முன்னாடியே சொல்லிட்டேன். நாளைக்கு ஏமாத்திட்டோம்னு யாரும் பேசக்கூடாது. அவரு எதுக்கும் வந்து பார்க்கிறேன்னாரு."

மேஜையில் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்த தியோடரின் தங்கை ஆஞ்சலாவின் முகம் வெளுத்துப்போனது. அவள் அண்ணியை ஒரு முறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். பெர்னதெத் ஆணியிலிருந்து சாவியை எடுத்து மேஜையின் ஓரத்தில் வைத்துவிட்டு, கருகத் தொடங்கிய தோசையைத் திருப்பிப் போட்டாள்.

அந்த மோரிஸ் மைனர் தியோடரின் அப்பா வாங்கியது. கல்யாணத்தன்று கோயிலிலிருந்து ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டுக்குத் தியோடரே ஓட்ட, பக்கத்து சீட்டில் பெர்னதெத் முக்காட்டைக் காற்றில் பறக்கவிட்டபடி வந்திருக்கிறாள். பிறகு அவர் குவைத்துக்கு வேலைக்குப் போனார். லீவில் வரும்போதெல்லாம் முதலில் வண்டியைக் கிளப்பி அவளை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் பெட்டியைத் திறப்பார்.

குவைத்தில் சண்டை மூண்ட வருடம் அவரிடமிருந்து எந்தத் தகவலும் இல்லை. உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியவில்லை. அதே வருடம்தான் ஆஞ்சலா புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, கைக்குழந்தையோடு இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். "வண்டியை வித்துடலாம் அண்ணி, குழந்தைக்காவது ஆகும்" என்று கேட்டாள். பெர்னதெத் மறுத்துவிட்டாள். ஓடாமல் கிடந்த எஞ்சின் இறுகிப்போயிருந்தது. மெக்கானிக் வேறு எஞ்சின் மாட்டிவிடலாம் என்றான். அதற்கும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "அவரு வந்து சாவி போட்டா இதே எஞ்சின்தான் கிளம்பணும்" என்று பிடிவாதமாகச் சொல்லி, அதையே கழற்றிப் பழுது பார்க்க அனுப்பினாள். அந்தச் செலவுக்காக, தான் டீச்சராக இருந்த ஸ்கூல் விட்டு வந்து இருட்டும் வரை டியூஷன் எடுத்தாள். அவர் வருவார் என்று நம்புவதற்கு அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

ஜோர்டான் வழியாக, ஒற்றைப் பையோடு, எலும்பும் தோலுமாக தியோடர் வந்து சேர்ந்தபோது எஞ்சின் இன்னும் திரும்பியிருக்கவில்லை. அவர் நேராக ஷெட்டுக்குப் போய் பானட்டைத் தூக்கினார். உள்ளே வெறும் குழி.

"அண்ணி எஞ்சினை வித்துட்டாங்கண்ணே..." என்றாள் பின்னால் நின்ற ஆஞ்சலா. "இனிமே நீ வரமாட்டேன்னு முடிவு பண்ணிட்டாங்க போலிருக்கு."

எல்லாவற்றையும் பாலைவனத்தில் விட்டுவிட்டு வந்த மனிதனுக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. பெர்னதெத் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "இந்த வீட்ல பொய் சொல்றவங்களுக்கு இனிமே இடம் கிடையாது!" என்று அவர் கத்தினார். மறுநாள் ஆஞ்சலா அடுப்படியில் அண்ணியின் காலைப் பிடித்துக்கொண்டாள். "வாய் தவறி வந்துடுச்சு அண்ணி... நான் சொன்னது பொய்னு தெரிஞ்சா என்னையும் புள்ளையையும் தெருவுல விட்டுடுவாரு..." அன்றிலிருந்து பெர்னதெத் வாயைத் திறக்கவில்லை. எஞ்சின் வந்து பொருத்திய பிறகாவது அவரே பார்ப்பார், ஒரு வாரத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தாள்.

எஞ்சின் வந்தது. "ஏதோ குப்பையைக் கொண்டாந்து வெச்சு என் கண்ல மண்ணைத் தூவுறியா?" என்றார், எட்டிக்கூடப் பார்க்காமல். அதன்பிறகு அவர் பானட்டைத் திறக்கவே இல்லை. மகன் ஜாய்சன் வளர்ந்து புனேக்கு வேலைக்குப் போய்விட்டான். ஆஞ்சலாவின் பெண் காலேஜ் போகிறாள். முன்னறையில் அவர் புரண்டு படுக்கும்போது கட்டில் கிறீச்சிடும். அந்தச் சத்தம் அடங்கும் வரை சுவருக்கு இந்தப் பக்கம் அவளுக்குத் தூக்கம் வராது.

ஜெயநகர்க்காரர் சீனிவாசராகவன் சொன்ன நேரத்துக்கு வந்தார். ரிடையர்டு என்ஜினீயர். பானட்டைத் தூக்கியதுமே குழந்தை மாதிரி சிரித்தார்.

"ஆர்.சி. புக்கைக் கொஞ்சம் கொடுங்கோ சார். மேடம், ஸ்வல்ப இந்த டார்ச்சைப் பிடிக்கிறேளா?"

பெர்னதெத் டார்ச்சைப் பிடித்தாள். டைனமோவுக்கு மேலே, பிளாக்கின் பக்கத்தில், எண்ணெய்ப் பிசுக்கு மூடிய ஒரு சின்னத் தகடு இருந்தது. அவர் மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் அதை அழுத்தித் துடைத்தார். எண்கள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. புத்தகத்தைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார். மறுபடியும் புத்தகத்தைப் பார்த்தார்.

"என்ன சார், எஞ்சின் மாத்தினதுன்னு சொன்னேளே! நம்பர் அப்படியே இருக்கே... இது வண்டியோட பொறந்த எஞ்சின்!"

"இருக்காது..." தியோடர் குனிந்து பார்த்தார். "தகட்டை மட்டும் மாத்தி அடிச்சிருப்பாங்க."

"ரிவெட்டைப் பாருங்கோ. அந்தக் காலத்துது, யாரும் தொடவே இல்லை. பிளாக்கும் அதேதான். யாரோ ரொம்ப அக்கறையா கழட்டிச் சரி பண்ணியிருக்கா. தூக்கிப் போட்டுட்டு வேற மாட்டறது எவ்வளவு ஈஸி! வண்டி மேல உசிரை வெச்சிருந்தவாதான் இப்படிச் செய்வா."

தியோடர் பிடிமானம் தேடி மட்கார்டின் மேல் கையை ஊன்றினார். வந்தவர் நிலைமையைப் புரிந்துகொண்டு, "போன் ஒண்ணு பேசணும்" என்று முணுமுணுத்தபடி கேட் பக்கம் நகர்ந்தார்.

வாசற்படியில் நின்ற ஆஞ்சலா ஓவென்று அழுதாள். "பொய்தாண்ணே... நான் சொன்னது பொய்! ரிப்பேருக்குத்தான் அனுப்பினாங்கன்னு எனக்குத் தெரியும். அண்ணியோட புருஷன் திரும்பி வந்துட்டாரு... என் புருஷன் வரமாட்டாரேன்னு ஒரு எரிச்சல். அண்ணி என்னைக் காப்பாத்தத்தான் இத்தனை வருஷம் வாயைத் திறக்கல..."

"வெளிய போ!" தியோடர் பாய்ந்தார். "பாவி! என் வாழ்க்கையையே..."

பெர்னதெத் குறுக்கே வந்து நின்றாள். பல வருடங்களுக்குப் பிறகு அவர் கண்களை நேராகப் பார்த்தாள்.

"அவளை ஒண்ணும் சொல்லாதீங்க. அவ சொன்னா, நீங்க நம்பினீங்க. பானட்டைத் தூக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு தடவை... ஒரே ஒரு தடவை தூக்கிப் பார்த்திருக்கலாமே!"

"பயம்..." அவர் உதடுகள் துடித்தன. "நம்பர் வேறயா இருந்துட்டா? நான் செத்துட்டேன்னு நீ முடிவு கட்டினது நிஜமாயிடும். அப்புறம் எப்படி உன்கூட ஒரே வீட்ல இருக்கிறது? பார்க்காம இருந்தா... இருந்துடலாம்னு..."

"இது ஒரு இருப்பா?" என்றாள் அவள். "இன்னைக்கு மட்டும் எப்படி தைரியம் வந்துச்சு? நம்பர் மாறியிருந்தா என்னை விட்டுட்டுப் போயிருப்பீங்களா?"

அவர் தலையை ஆட்டினார். "இல்ல. அவரை எதுக்குக் கூப்பிட்டேன்னு நெனக்கிற? ஒரிஜினல் எஞ்சின் இல்லேன்னு நானே சொல்லித்தானே கூப்பிட்டேன்! எப்படியாவது இதை இங்கேர்ந்து கொண்டு போயிடட்டும்னு... வித்திருந்தாலும் பரவாயில்ல, எனக்கு நீ இருந்தா போதும்னு... வண்டி போனப்புறம் உன்கிட்ட வந்து சொல்லணும்னு இருந்தேன். எனக்கு வயசாகுது பெர்னி. அந்த ரூம்ல தனியா முடியல..."

பெர்னதெத்துக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "செய்யாத தப்புக்கு மன்னிப்பா! அதுக்கும் இத்தனை வருஷமா!" என்று அவர் மார்பில் குத்தினாள். குத்திய கை அங்கேயே தங்கிவிட்டது. அவர் அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டு விம்மினார். அந்த நெருக்கத்துக்காக எத்தனை இரவுகள் ஏங்கியிருக்கிறாள்! இப்போது கிடைத்தபோது, போன வருடங்களை நினைத்துத்தான் அதிகமாக வலித்தது.

பெர்னதெத் ஒரு கையை நீட்டினாள். தள்ளி நின்று தேம்பிக்கொண்டிருந்த ஆஞ்சலா ஓடிவந்து அந்தக் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

சற்று நேரம் கழித்து சீனிவாசராகவன் தயங்கித் தயங்கி வந்தார். தியோடர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மன்னிச்சுக்கோங்க சார், வண்டியை இனிமே..." என்று ஆரம்பித்தார்.

"கொடுத்துடுங்க" என்றாள் பெர்னதெத்.

"பெர்னி! அப்பாவோட எஞ்சின்... நீ காப்பாத்தி வெச்சது..."

"உங்களுக்காகத்தான் வெச்சிருந்தேன். நீங்க வந்துட்டீங்க. இது இங்கயே நின்னா, தகடு சொல்லித்தான் என்னை நம்பினீங்கன்னு தினம் தோணும் எனக்கு. சார், நல்லா ஓட்டுங்க. சும்மா நிக்க விடாதீங்க."

மத்தியானம் டெம்போ வந்தது. நாலு பேர் சேர்ந்து மோரிஸைப் பலகை வழியாக மேலே ஏற்றிக் கயிறு கட்டினார்கள். டெம்போ மெல்ல நகர்ந்து, மரநிழல் விழுந்த தெருவில் போய்த் திருப்பத்தில் மறைந்தது.

கேட்டைப் பிடித்தபடி கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்த பெர்னதெத் பெருமூச்சோடு திரும்பினாள். தியோடர் தெருப் பக்கம் பார்க்கவே இல்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.