வேட்டைக்கு முன் நான்கு காலைகள்

புதன்கிழமை காலை, விறகு அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்த புது பூட்ஸ் நனைந்திருந்தது.

மார்லிஸ் காபிக் கோப்பையோடு நின்று அதைப் பார்த்தாள். முந்தின நாள் சாயங்காலம்தான் தோலுக்கு மெழுகு தேய்த்து, அடியில் பழைய செய்தித்தாளை விரித்து, நாடாவைத் தளர்த்தி வைத்திருந்தாள். வாங்கி வந்ததிலிருந்து அது வாசலைத் தாண்டியதே இல்லை. இப்போது செய்தித்தாள் ஊறித் தரையோடு ஒட்டிக் கிடந்தது. அடிப்பள்ளங்களில் இறுகியிருந்த பனி இன்னும் முழுக்கக் கரையவில்லை. அதற்குள் இரண்டு மூன்று பைன் ஊசியிலைகள், பச்சையாக. குனிந்தபோது பிசின் வாசனை வந்தது. அதற்கடியில் இன்னொன்று: ஈர மயிரும் மூத்திரமும் கலந்த, மந்தை படுத்து எழுந்த இடத்தின் வாசனை.

கதவைத் திறந்து பார்த்தாள். ராத்திரி பெய்த பனி படிகளின் மேல் முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. ஒரு பூனையின் தடம்கூட அதில் இல்லை.

கூரை ஒழுகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் அண்ணாந்து பார்க்கவில்லை. பூட்ஸைத் துடைத்து அதே இடத்தில் வைத்துவிட்டுத் தீவனக் கடை வேலைக்குக் கிளம்பினாள்.

ஒரு வருஷமாக எதற்கும் அவள் இப்படித்தான். போன டிசம்பரில் அவள் புருஷன் ராய்ஸ் எல்க் மான் வேட்டைக்குப் போனவன் திரும்பவில்லை. அவனுடைய பிக்கப் வண்டி மலையடியில் சாவியோடு நின்றது. ஆறு நாள் தேடினார்கள். ஏழாம் நாள் பெரும்பனி இறங்கி மலையை மூடிவிட்டது. மார்லிஸ் அழவில்லை. சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. அடுப்பில் கை பட்டால் தோல் சிவந்ததைப் பார்த்துத்தான் சுட்டது தெரிந்தது. தைரியசாலி என்றார்கள் ஊரில்.

இந்த வருஷம் குலுக்கலில், கடைசிப் பருவத்தில் ஓர் ஆண் எல்க் சுடுவதற்கான அனுமதி அவள் பெயருக்கு விழுந்தது. அவளை உட்கார வைத்து விண்ணப்பம் போட வைத்தவள் ராய்ஸின் தங்கை ட்ரூடி. சனிக்கிழமை விடியலில் இரண்டு பேரும் அதே மலைக்குப் போவதாக ஏற்பாடு.

"நம்ம வீட்டு ஆளை எடுத்துக்கிச்சுல்ல அந்த மலை? பதிலுக்கு ஒரு கடாவாவது குடுக்கட்டும் அண்ணி," என்றாள் ட்ரூடி. மார்லிஸ் சரி என்றாள். மாட்டேன் என்பதற்கும் ஒரு தெம்பு வேண்டியிருந்தது.

அந்தப் புதன்கிழமை மத்தியானம் ஜல்லிக் குழியில் அவளுக்குச் சுடப் பழக்கினாள் ட்ரூடி.

"கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கிட்டு நிக்காதீங்க. தோள்ல அழுத்திப் பிடிங்க. இல்லேன்னா தாடை பேந்துடும்."

"பேந்தா பேசாம கெடப்பேன். உனக்கு நல்லதுதானே."

"அடேயப்பா! அண்ணிக்குக் கிண்டலெல்லாம் வருது!"

இருபது தோட்டா இருந்த பெட்டியில் ஆறு செலவாயிற்று. கடைசி இரண்டும் தகரத் தட்டின் நடுவிலேயே பாய்ந்தன. வீட்டுக்கு வந்து மார்லிஸ் குழலுக்கு எண்ணெய்த் துணி விட்டுத் துடைத்து, துப்பாக்கியையும் தோட்டாப் பெட்டியையும் அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

வியாழக்கிழமை காலை, பெட்டியில் பதின்மூன்றுதான் இருந்தது.

மூன்று தடவை எண்ணினாள். துப்பாக்கியை எடுத்துக் குழல் வாயை முகர்ந்தாள். கருகிய வெடிமருந்தின் நெடி, புதிதாக. பூட்ஸ் மறுபடி நனைந்திருந்தது. படிகளில் பனி மறுபடி கலையாமல் கிடந்தது. பயம் வரவேண்டிய இடத்தில், பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி ஒன்றுதான் அவளுக்குள் இருந்தது. தொட்டால் இருப்பது தெரிகிறது. வலியில்லை. குழலை மறுபடி துடைத்தாள்.

சாயங்காலம் முதுகுப்பையில் எல்லாவற்றையும் அடுக்கினாள். கயிறு, கத்தி, எலும்பு அறுக்கும் ரம்பம், ஒரு பொட்டலம் உப்புக்கண்டம், வெட்டிய மான் கால்களைக் கட்டி எடுத்துவர நாலு வெள்ளைத் துணிப்பைகள். முதுகுப்பையைப் படுக்கையறைக்குள் கொண்டுபோய்க் கதவைத் தாழிட்டு, தாழ்ப்பாளுக்குக் கீழே நாற்காலியை முட்டுக்கொடுத்தாள். ஏன் அப்படிச் செய்கிறாள் என்று தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை காலை நாற்காலி நகராமல் இருந்தது. முதுகுப்பையின் கொக்கிகள் மாட்டியபடியே இருந்தன. உள்ளே கயிறு ஈரமாக இருந்தது. கத்தியின் பிடியும் அலகும் சேருமிடத்தில் கறுப்பாக ஒரு கோடு. நகத்தால் சுரண்டினாள். சிவப்பாக உதிர்ந்தது.

துணிப்பைகள் நாலையும் காணவில்லை.

குளிக்கப் போகும்போதுதான் காலுறையைக் கழற்றிக் கால்விரல்களைப் பார்த்தாள். மெழுகு மாதிரி வெளுத்து, நுனிகளில் நீலம் பாரித்திருந்தன. ஊசியை எடுத்துவந்து சுண்டுவிரலில் குத்தினாள். ஊசி இறங்கியது. ஒன்றும் தெரியவில்லை.

அப்போது அவளுக்கு ஒரு நிம்மதி வந்தது. நான்தான். தூக்கத்தில் எழுந்து நான்தான் போகிறேன். தடத்தைப் பனி மூடிவிடுகிறது. அவ்வளவுதான். காலுறையை மாட்டிக்கொண்டு ட்ரூடிக்குப் போன் போட்டாள். கால்விரல்களைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

"தூக்கத்துல நடக்கறவங்க ஃபிரிட்ஜைத் தொறந்து கேக் தின்னுவாங்க அண்ணி. மலையேறி எல்க் சுட மாட்டாங்க."

"ராத்திரி இங்க வந்து படு."

எதிர்முனையில் சிரிப்பு நின்றது. "வரேன்," என்றாள் ட்ரூடி.

வந்தாள். படுக்கையறைக் கதவுக்குக் குறுக்கே மெத்தையைப் போட்டாள். மார்லிஸின் கணுக்காலில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுநுனியைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள். "மாட்டைக் கட்டற மாதிரி இருக்கு," என்றாள் மார்லிஸ். அதற்குள் கண் செருகிவிட்டது.

சனிக்கிழமை. ஜன்னலில் சாம்பல் வெளிச்சம். கயிறு கணுக்காலில் கட்டியபடியே இருந்தது. ட்ரூடி சுவரோடு முதுகை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"நீங்க எழுந்திரிக்கல அண்ணி. நான் பொட்டுத் தூக்கம் தூங்கல. நீங்க அசையக்கூட இல்ல."

"பின்ன ஏன் அப்படிப் பாக்கறே?"

ட்ரூடி உதட்டை நனைத்துக்கொண்டாள். "மூச்சு. ரெண்டு மணிக்கு மேல நீங்க மூச்சு விடல. கண்ணாடிய மூக்குகிட்ட வெச்சேன். ஆவி படியல. உடம்பு மட்டும் சூடா இருந்துச்சு."

"அப்புறம்?"

"உங்க மூச்சுச் சத்தம் கேட்டுச்சு. எனக்குத் தெரியும்ல, மூக்கடைச்ச மாதிரி, கடைசில ஒரு விசில். அது வெளிய அண்ணனோட ஷெட்லேருந்து கேட்டுச்சு அண்ணி."

இருவரும் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார்கள். தடமில்லாத பனி. ஷெட்டின் பூட்டு உறைந்திருந்தது. ட்ரூடி சுத்தியலால் தட்டித் திறந்தாள். ராய்ஸ் போனதிலிருந்து அதை யாரும் திறக்கவில்லை. பெட்ரோல் வாசனை, பழைய டயர் வாசனை. அப்புறம் ஈர மயிர். அப்புறம் ரத்தம். வாளித் தண்ணீர் கல்லாகிப் போகும் அந்தக் குளிரில், உள்ளே மட்டும் மாட்டுத் தொழுவத்தின் வெதுவெதுப்பு.

ட்ரூடி டார்ச்சை உயர்த்தினாள்.

உத்தரத்தில் நாலு பைகள் தொங்கின. வெள்ளைத் துணி. நிறைந்து. கனத்து. அடிப்பக்கம் சிவப்பு ஊறி. ஒவ்வொன்றிலிருந்தும் ஆவி எழும்பிக்கொண்டிருந்தது.

துணி உள்ளே இழுபட்டது.

வெளியே உப்பியது.

உள்ளே.

வெளியே.

நாலும் ஒன்றாக. கடைசியில் ஒரு விசில்.

மார்லிஸ் தன் மூச்சை நிறுத்தினாள். ஏனென்று தெரியாமல்தான் செய்தாள்.

பைகள் நின்றன.

"எல்க்கா இருக்கும்," என்றாள் ட்ரூடி. அது அவள் குரல் மாதிரியே இல்லை. இடுப்பிலிருந்து கத்தியை உருவினாள். "நீங்க சுட்ட கடாதான். என்னன்னு பாத்துடலாம்."

முதல் பையின் மேல் கத்தி முனையை வைத்தாள். லேசாக அழுத்தினாள். துணி குழிந்தது.

மார்லிஸின் இடது விலாவுக்குக் கீழே சுருக்கென்றது.

வலி. ஒரு வருஷத்தில் முதல் வலி. அவள் கை அந்த இடத்தைத் தேடிப் போய் அழுத்தியது. கோட்டில் கிழிசல் இல்லை. விரல்களுக்கிடையில் சூடாக ஏதோ கசிந்தது.

"அறுக்கட்டுமா அண்ணி?" ட்ரூடி திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் கத்தியைப் பிடித்திருந்தாள்.

வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சொல்வதற்கு மூச்சு வேண்டும். நெஞ்சு எரிந்தது. கண் இருட்டியது. இனி முடியாது.

மூச்சை இழுத்தாள்.

நாலு பைகளும் மெல்ல உப்பின. முதல் பை, கத்தியை நோக்கி.