எட்டுப் பாகைக் குளிரில்

திங்கள், காலை 7.40. வெள்ளவத்தை ஆய்வுகூடத்தின் குளிரறையைத் திறந்த உதவியாளர் உஷாந்தி வாசலிலேயே நின்றுவிட்டாள். கலாநிதி தனுஷியா தரையில் குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் இரத்தம் கறுத்து உறைந்திருந்தது. அழுகல் நாற்றம் வாசல்வரை வந்தது.

9.15. பொலிஸ் டொக்டர் கையுறையைக் கழற்றினார். "எட்டுப் பாகைக் குளிர்ல இந்தளவுக்குக் கெட ரெண்டு நாளுக்கு மேல வேணும். வெள்ளி இரவுதான்."

வெள்ளி இரவு தனுஷியாவோடு கட்டடத்தில் இருந்தவன் காவலாளி புஷ்பராஜ் மட்டுமே. இன்ஸ்பெக்டர் இப்ஹாம் அவனுக்கு விலங்கு மாட்டினார். சனி, ஞாயிறில் காவல் இல்லை; அந்த இரு நாளும் சாவி தனுஷியாவிடமும் சக ஆய்வாளர் சாரங்கனிடமும் மட்டும். சாரங்கன் சனி விடியத்தான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திறங்கியவர்.

"இடையில குளிர் நிண்டதா?" என்று இப்ஹாம் கேட்டார்.

"இல்லை. நிண்டா என்ர போனுக்குத்தான் அலாரம் வரும். வரேல்ல," என்றார் சாரங்கன்.

உஷாந்தி குளிரறைத் தட்டிலிருந்த வண்டுப் பெட்டியை எடுத்தாள். தேயிலைத் தண்டைத் துளைக்கும் பட்டைவண்டுகளை ஈரத்தாளில் வைத்து ஆறு கிழமையாக அவள் உயிரோடு காத்து வந்தாள். இப்போதும் அவை அசையாமல் ஒடுங்கிக் கிடந்தன. பெட்டிக்குள் அவற்றின் பக்கத்தில் கிடந்த தேயிலைக் குச்சியில் ஏழு துளைகள். கீழே வெள்ளை மரத்தூள்.

11.05. "சேர், இண்டைக்குச் செய்யிற சோதனைக்காக இந்தக் குச்சியை வெள்ளி பின்னேரம் நான்தான் வெச்சனான். இந்த அறைக்குள்ளேயே நிண்டு. ஒரு ஓட்டையும் இருக்கேல்ல."

"அதுக்கென்ன?"

"இந்தக் குளிரில வண்டு காலைக்கூட அசைக்காது. துளைக்கிறதெண்டா அறை ஒரு நாளாவது வெக்கையா இருந்திருக்கோணும்."

இப்ஹாம் நிமிர்ந்தார். "அப்ப பிரேதம் கெட்டது வெக்கையில."

"ஓம். வெக்கையில கெதியாக் கெடும்; டொக்டர் குளிரை வெச்சுக் கணக்குப் பார்த்தவர். மிஸ் செத்தது வெள்ளி இல்லை, சனி."

"புஷ்பராஜே குளிரை நிப்பாட்டியிருக்கலாமே?"

"தான் காவல் இருந்த இரவில செத்தமாதிரி அவரே காட்டுவாரா? குளிர் நிண்டது நிச்சயம். அலாரம் வரேல்லை எண்டு பொய் சொன்னவர் சாரங்கன். வெள்ளி இஞ்ச இல்லாதவரும் அவர்தான்."

சாரங்கன் கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

"அவவின்ர ஆய்வை என்ர பேரில அனுப்பிப்போட்டன். இண்டைக்கு முறைப்பாடு குடுக்கப்போறனெண்டு சனி காலமை முகத்துக்கு நேரே சொன்னவ..." அவர் தன் போனை எடுத்து இப்ஹாமிடம் நீட்டினார்.

12.30. விலங்கு கழன்ற புஷ்பராஜ் வீட்டுக்குப் போகவில்லை. சட்டைப் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டு வாசலில் நின்றான்.

"போய்ப் படுங்கோ அண்ணை," என்றாள் உஷாந்தி.

"மிஸ்ஸோட ஆளுங்க எல்லாம் கனடாவுல. கொண்டுபோறப்ப கூட ஒரு ஆளாவது வேணும்ல?"

உஷாந்தி மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. அவனருகே போய் நின்றுகொண்டாள்.