பிளாஸ்டர் ரொட்டி சுட்டது

“மர்டோ, நம்ம பழைய வீட்டு மேஜையில காட்சிக்கு வெச்ச பிளாஸ்டர் ரொட்டி ஒண்ணு இருக்குமே... அது சுடுது!”

காவலாளி ஆல்பி வாசலில் நின்று கத்தினான். ஓய்வுபெற்ற ஆட்டு மருத்துவர் மர்டோ தேநீர்க் கோப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. அவருடைய நண்பர் பெர்கஸ்தான் நாற்காலியோடு சரிந்தார்.

ஸ்காட்லாந்திலிருந்து முதலில் வந்து குடியேறியவர்கள் கட்டிய அந்த மண்வீட்டை எங்கள் டன்ஸ்லீ ஊர் வரலாற்றுச் சங்கம் கைக்குழந்தையைப்போலக் காக்கிறது. உள்ளே தும்மினாலே விசாரணை உண்டு. அங்கே யாரோ அடுப்பு மூட்டி ரொட்டி சுட்டிருக்கிறார்கள்! செய்தி கேட்டு மூன்று செம்மறிகள் மயங்கி விழுந்தன.

“நான் முன்கதவைத் திறந்தேன், பின்கதவு படார்னு சாத்திக்கிச்சு. சாவி அஞ்சு பேருகிட்ட இருக்கு, ஆனா பழி எனக்குத்தான். பத்து மணிக்குச் சங்கக் கூட்டம். இருபது வருஷமா வெச்சிருக்கிற சாவியைப் பிடுங்கிடுவாங்க, மர்டோ!”

மூவரும் போய்ப் பார்த்தார்கள். சூடான ரொட்டி மேஜையில் இருந்தது. அதன் அடியில் நாலாக மடித்த கம்பளித்துணி. பிளாஸ்டர் ரொட்டியைக் காணோம். ‘தீ மூட்டாதீர்’ பலகை சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

“பசியில வந்த திருடன்!” என்று துள்ளினார் பெர்கஸ்.

“பசிச்சவன் ரொட்டியை விட்டுட்டு பிளாஸ்டரைத் தூக்கிட்டா போவான்? சும்மா வாய்யா.”

கூட்டத்துக்கு ஆளுக்கொரு தட்டில் பலகாரம் கொண்டுவருவது வழக்கம். அங்கே இரண்டாவது அதிர்ச்சி. முப்பது வருடமாகத் தன் கையால் சுட்ட ரொட்டியில் சாண்ட்விச் செய்து வரும் தலைவி எல்ஸ்பெத், கடை பிஸ்கட் பாக்கெட்டைத் தட்டில் கொட்டினார்!

ஆல்பி சாவிக்கொத்தைக் கழற்றத் தொடங்கினான்.

“கொஞ்சம் இரு,” என்று மர்டோ எழுந்தார். “சூடு பட்டு மேஜை கெடக்கூடாதுன்னு துணி போட்டிருக்காங்க. வெளியாளுக்கு அந்த அக்கறை வராது. பலகையையும் திருப்பி வெச்சிருக்காங்க. எழுதினவங்களுக்குத்தானே அதைப் பாக்க வெட்கம்? ஆல்பி வந்த சத்தத்துல பதறிப்போய், ரொட்டிக்குப் பதிலா பிளாஸ்டரைப் பையில போட்டுக்கிட்டு ஓடியிருக்காங்க. அதான் இன்னைக்கு சாண்ட்விச்சுக்கு ரொட்டி இல்ல. தலைவரம்மா, பையைத் திறக்கறீங்களா?”

எல்ஸ்பெத் பையைத் திறந்தார். பிளாஸ்டர் ரொட்டி. அதன் உச்சியில் ரம்பக்கத்தி ஆழமாகச் செருகி நின்றது!

“வீட்டுக்குப் போய் வெட்டினப்பதான் தெரிஞ்சுது,” என்றார் எல்ஸ்பெத். “கத்தி வரவே மாட்டேங்குது.”

“தலைவரம்மா... நீங்களா!” பெர்கஸ் மறுபடியும் சரிந்தார்.

“பூகம்பம் வந்தா விழும்னு திங்கக்கிழமை நம்ம மண்வீட்டுப் புகைபோக்கியை இடிக்கப்போறாங்க. கம்பி கட்டி நிறுத்தலாமேன்னு கெஞ்சினேன். ‘அடைச்சுப்போன புகைபோக்கிக்கு எதுக்கு அந்தச் செலவு’ன்னார் பொறியாளர். உயிரோட இருக்கான்னு மூட்டிப் பாத்தேன். அத்தனை நல்ல தணல், சும்மா அணைக்க மனசு வரல, மாவைப் பிசைஞ்சு வெச்சுட்டேன். ஆல்பி, பழி உன்மேல வந்தப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரலப்பா.”

தன் கழுத்தில் தொங்கிய மண்வீட்டுச் சாவியைக் கழற்றி ஆல்பியின் உள்ளங்கையில் வைத்தார். “இதையும் நீயே வெச்சுக்கோ.”

செயலாளர் பேனாவைத் திறந்தார்.

“எழுதுங்க,” என்றார் எல்ஸ்பெத். “புகை நேரா மேலே போச்சு. அதை முதல் வரியில எழுதுங்க. என்னை நீக்கினது ரெண்டாவது வரி.”