பானுவின் நகங்கள்

கொற்கை நிறுத்தத்தில் அனுசியா பஸ்ஸை விட்டு இறங்கியபோது மத்தியானம்தான். ஆனால் மழை மேகம் வயல்களின் மேல் கவிந்து, பொழுது சாய்ந்தது போலிருந்தது. தூத்துக்குடியில் ஒரு ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸ். அக்கா சண்முகவடிவுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் அத்தான் போனில் சொல்லியிருந்தார்.

முற்றத்தில் கட்டியிருந்த ஆடுகளில் ஒன்றுகூடக் கத்தவில்லை. எல்லாம் உள்ளறைக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றன.

அத்தான் சங்கரபாண்டியன் வாசற்படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டு முருகேஸ்வரி வேப்பிலையோடு நின்றாள்.

“அது ஒங்க அக்கா இல்ல,” என்றாள் முருகேஸ்வரி, குரலைத் தாழ்த்தி. “பானுப்ரியா வந்து எறங்கியிருக்கா. பேயோட்ட ஏரல்ல இருந்து கோடாங்கி வாராரு. அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாது.”

பானுப்ரியா அத்தானின் தங்கை. போன வருஷம் இதே அறையில், இதே போலத் தள்ளாடி, பிதற்றி, செத்துப்போனவள். பேய் அடித்துவிட்டது என்றது ஊர்.

அனுசியாவுக்கு நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. நேரே உள்ளே போனாள்.

இருட்டு. வேப்பெண்ணெய் வாடை.

சரக். சரக்.

யாரோ நகத்தால் தோலைச் சொறியும் சத்தம்.

அக்கா வடிவு பாயில் மல்லாந்து கிடந்தாள். கைகளைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். அவை அசையவே இல்லை. சத்தம் மூலையிலிருந்து வந்தது.

மூலையில் யாருமில்லை.

அனுசியா செல்போன் வெளிச்சத்தை அக்காவின் கண்ணில் அடித்தாள். கருமணி அகல விரிந்து கிடந்தது. வெளிச்சம் பட்டும் சுருங்கவில்லை. வாயோரம் வாந்தி. விரலிடுக்கெல்லாம் சிரங்கு.

“அக்கா, என்னத்தக் குடிச்ச?”

வடிவின் உதடு லேசாக அசைந்தது. “பானு அங்கன நிக்கா... குடிக்காதன்னு சொன்னா. நான்தான் கேக்கல.”

சொறியும் சத்தம் நின்றது.

மூலையிலிருந்து ஒரு சின்ன பாட்டில் உருண்டு வந்து அனுசியாவின் காலில் முட்டியது.

ஆட்டுக்குச் சொறி பிடித்தால் போடும் ஊசி மருந்து. சிரங்குக்கு இதே மருந்தை மனுஷருக்கு எடை பார்த்து மாத்திரையாகக் கொடுப்பார்கள். இதிலோ ஒரு மூடியிலேயே பல ஆளுக்கான மருந்து இருக்கும். பாட்டில் பாதி காலி.

“பேயில்ல அத்தான்!” அது தன் குரல்தானா என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது. “ஆட்டு மருந்தக் குடிச்சிருக்கா. கட்ட அவுருங்க, வண்டிய எடுங்க!”

“நர்ஸம்மா பேய்க்கும் குளுக்கோஸ் ஏத்துவா போல,” என்று முனகிய முருகேஸ்வரி, செம்பில் உப்புத் தண்ணீரோடு உள்ளே வந்து குனிந்தாள். “மருந்துதான்னா கக்கட்டுமே.”

“ஊத்தாதீங்க மதினி! அரை நெனவுல கெடக்கா. மூச்சுக்குழல்ல போயிரும்.”

அக்காவை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். மூச்சு விட்டு விட்டு வந்தது. இதற்கு முறிவு மருந்து கிடையாது. விஷம் உடம்பை விட்டு இறங்கும்வரை மூச்சும் ரத்த அழுத்தமும் விழுந்துவிடாமல் பிடித்து வைக்க வேண்டும். கோடாங்கிக்காகக் காத்திருந்தால் அக்கா இருக்க மாட்டாள்.

அத்தான் உள்ளே வந்து கட்டை அவிழ்த்தார். அவர் பார்வை பாட்டிலை விட்டு நகரவில்லை.

“சொறின்னு வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு... பானுவும் இதத்தான் குடிச்சாளா, அனு?”

டாக்டரிடம் காட்ட அனுசியா பாட்டிலை எடுத்துப் பையில் போட்டாள்.

மூலையில் யாரோ விசும்பினார்கள்.

அது மூன்று பேர் காதிலும் விழுந்தது. முருகேஸ்வரியின் கையிலிருந்து செம்பு நழுவியது. அத்தான் வடிவை வாரித் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்.

வடிவு ஆஸ்பத்திரியில் மூச்சுக் கருவியோடு கிடந்து பிழைத்தாள். நினைவு தெளிந்ததும் வேறு அறைக்கு மாற்றினார்கள். அன்று சாயங்காலம் அனுசியா அவள் கைகளுக்குச் சிரங்குக் களிம்பு தடவினாள். பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது.

வடிவின் கைகள் போர்வை மேல் அமைதியாகக் கிடந்தன.

சரக். சரக்.

வேப்பெண்ணெய் வாடை.

அனுசியா திரும்பவில்லை.

“ஏளா,” என்றாள் வடிவு, அவள் தோளுக்கு அப்பால் பார்த்தபடி. “அவளுக்கும் கொஞ்சம் மருந்து குடு. பாவம், அரிப்புல தூங்கவே மாட்டேங்கா.”

பின்னால் பார்க்காமலே அனுசியா களிம்பு ட்யூபைக் காலிக் கட்டிலில் வைத்தாள்.

சத்தம் நின்றது.

பிறகு, மூடியைத் திருகித் திறக்கும் சத்தம் கேட்டது.