சேதி இல்லாச் சீட்டு

தை மாதத்து முதல் செவ்வாய் ஆண்களின் நாள். ஐம்பது தாண்டிய தூத்துக்குடிக்காரர்கள் அன்று காலை ஒளிர்நீர் குடித்துவிட்டு, தெருமுனைப் படவாசல் வழியாக வேலைக்குப் போவார்கள். நடக்கிற நடையிலேயே அது புராஸ்டேட்டையும் எலும்புகளையும் படம் பிடித்துவிடும். மாலைக்குள் கைப்பேசிக்குச் 'சேதி இல்லை' என்று பச்சைச் சீட்டு வரும். வந்தவர் தெருவுக்கு மக்ரூன் வாங்கிக் கொடுப்பது வழக்கம்.

படத்தைப் பார்த்து நோயின் நிலையைக் குறிப்பது இயந்திரம். அதைச் சரிபார்க்க ஒரு மனிதக் கண்ணும் வேண்டும் என்பது சட்டம். எஸ்தர் அப்படியொரு கண். பதவியின் பெயர் படநோக்கர். பெயரில்லாமல், வயது மட்டும் போட்டு, அன்று ஒரே நாளில் நானூறு இடுப்புகள் அவள் திரையில் வந்து போகும்.

பதினொரு மணிக்கு வந்த ஐம்பத்தெட்டு வயது இடுப்பில் ஐந்து திருகு போட்ட தகடு இருந்தது. மூன்றாவது திருகு பாதியில் முறிந்திருந்தது. உப்பளச் சாலையில் பைக்கோடு விழுந்த கணவர் ஞானராஜுக்கு அந்தத் தகட்டை வைக்கச் சம்மதக் கையெழுத்துப் போட்டவளே அவள்தான்.

புற்று இருக்கும் இடத்தில்தான் ஒளிர்நீர் ஒளிரும். புராஸ்டேட் முழுக்க ஒளி. முதுகுத்தண்டிலும் விலாவிலும் புள்ளி புள்ளியாக ஒளி. கடல்நடுவே காற்றாலை மேடை வேலையில் மூன்று தையைக் கழித்தவர். அங்கே படவாசல் கிடையாது. இயந்திரம் கீழே குறித்திருந்தது: நான்காம் நிலை, மிச்ச ஆயுள் எட்டு மாதம், பச்சைச் சீட்டு.

சொல்வதால் ஆயுள் கூடும் என்றால் மட்டுமே சொல்லலாம். அதுதான் மௌனச் சட்டம். நல்லதற்காகத்தான் கொண்டுவந்தார்கள். ஒன்றும் செய்யாமல் கிடக்கும் சாதுக் கட்டிக்குப் பயந்து கத்திக்குப் போய், காலமெல்லாம் சிறுநீரை அடக்க முடியாமல் திண்டாடிய ஆண்கள் ஒரு காலத்தில் ஏராளம். பிறகு யாரோ ஒரு புத்திசாலி அதே விதியை மறுமுனைக்கும் நீட்டினார். இனி எதுவும் செய்ய முடியாதவர்களுக்கும் இப்போது பச்சைச் சீட்டுதான். இது படநோக்கர்களுக்கு மட்டுமே தெரியும். ஊர் இரண்டுக்கும் மக்ரூன் தின்கிறது.

வெளியில் சொன்னால் ஐந்து வருடச் சிறை. எட்டு மாதக்காரரிடம் சொல்லிவிட்டு ஐந்து வருடம் உள்ளே போய் என்ன பிரயோசனம்? ஞானராஜ் வாயில் எதுவும் நிற்காது. காலையில் சொன்னால் மதியத்துக்குள் துறைமுகத்துக்கே தெரிந்துவிடும். எஸ்தர் சம்மதப் பொத்தானை அழுத்தினாள். அடுத்த இடுப்பு வந்தது.

வீட்டுக்குப் போனபோது ஞானராஜ் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

"சீட்டு வந்துட்டு. திங்கக்கெழம மேடைக்குக் கெளம்புதேன். இன்னும் ஒரு வருசந்தான், அதோட போதும்."

"போகாதீங்க."

"ஏன்?"

"சும்மாதான். கூட இருங்க."

இருபத்தொன்பது வருடத்தில் அவள் அப்படிக் கேட்டதே இல்லை. அவர் கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தார்.

"பொம்பளைங்க நாள்ல எடுத்த உன் படம்... அது உன் கைக்கே வந்துச்சா? கெட்ட சேதிய எங்கிட்ட மறைக்கியா?"

இல்லை என்று சொல்லத்தான் எஸ்தர் வாயெடுத்தாள். அடுத்தவர் உடம்பைப் பற்றி உண்மை சொன்னால்தான் தண்டனை. தன் உடம்பைப் பற்றிப் பொய் சொன்னால் ஒன்றுமில்லை. சட்டம் எழுதியவர்களுக்கு அது தோன்றவில்லை.

"ஆமா," என்றாள்.

"எவ்வளவு நாளு?"

"எட்டு மாசம்."

அவர் தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். தனக்காக இவர் இவ்வளவு அழுவார் என்பது இத்தனை வருடம் தெரியாமல் போயிற்றே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. கூடவே அழுகையும் வந்தது. அழுது முடித்ததும் அவர் கம்பெனிக்குப் போன் போட்டு, இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

"இனி நீ ஒரு வேலையும் தொடக்கூடாது," என்றபடி எழுந்தவர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் சற்று நின்றார்.

"வலிக்கா?" என்றாள் எஸ்தர்.

"இது கெடக்கட்டும். நீ படு. உன்னைக் கடைசி வரைக்கும் பாத்துக்கிட நான் இருக்கேம்லா."