இரண்டாவது கியர்

காலையிலிருந்து கார் வேப்பமர நிழலில்தான் நின்றது. ஆனாலும் அபுல் ஹசன் ஏறி உட்கார்ந்து, ஸ்டீயரிங்குக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த கியர்க் கம்பியின் குமிழைப் பிடித்தபோது, யாரோ அப்போதுதான் கையை எடுத்துக்கொண்டு போனதுபோல அது வெதுவெதுப்பாக, வியர்வைப் பிசுபிசுப்போடு இருந்தது. கைலியில் துடைத்தான். மறுபடியும் ஈரமாயிற்று.

கடலூரில் பதினைந்து வருஷமாகக் கார் பழுது பார்க்கிறவன் அவன். இந்தக் கறுப்புக் கார் சிதம்பரத்து நெல் வியாபாரி பொன்னுரங்கத்தினுடையது. ஓடும்போது மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு இறங்க மறுத்தது. கரகரவென்று பல்லைக் கடித்தது. கிளச் மிதியின் தளர்வைச் சரிசெய்திருந்தான். கியர் பெட்டி ஆயிலை வடித்து விரலில் தேய்த்துப் பார்த்தான். உள்ளே தேய்ந்து உதிர்ந்த பித்தளைத் துகள் ஒன்றுகூட இல்லை. கம்பி இணைப்புகளிலும் ஆட்டமில்லை. பின்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி ஓட்டியபோது நான்கு கியரும் வழுக்கிக்கொண்டு விழுந்தன.

“நிக்கிறப்ப ஒண்ணும் தெரியல மொதலாளி. ரோட்டுல ஓட்டிப் பாத்தாதான் புரியும்.”

“சிதம்பரம் வரைக்கும் ஓட்டு பாய். நானும் வரேன்,” என்று பொன்னுரங்கம் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

அது அறுபத்து மூன்றாம் வருஷத்துப் புரட்டாசி. ஆலப்பாக்கம் தாண்டியபோது வெயில் சாய்ந்திருந்தது. வெளியே உப்புக் காற்றும் நனைந்த வைக்கோல் வாடையும். காருக்குள் மட்டும் மஞ்சளும் சீழும் கலந்த, நாள்பட்ட புண் கட்டை அவிழ்த்ததுபோன்ற ஒரு நாற்றம், கண்ணாடிகளை இறக்கியும் போகாமல், அவன் மூக்கருகிலேயே தங்கியிருந்தது. வளைவில் இரண்டாவது கியருக்கு இழுத்தான். கரகரத்தது. பாதியில் நின்றது. ஒரு தரம் நியூட்ரலில் விட்டு, ஆக்சிலேட்டரைத் தட்டி, மறுபடி இழுத்தான். அதே இடத்தில் நின்றது. இரும்பில் இரும்பு இடிக்கும் இடி இல்லை அது. நடுவில் மெத்தென்று ஏதோ சிக்கியிருந்தது.

“எப்பலேந்து இப்படி மொதலாளி?”

“தை மாசத்துலேந்து. என் சம்சாரம் தைலம்மா செத்ததுக்கப்பறம்.”

“அவுங்க ஓட்டுவாங்களா?”

“நான்தான் கத்துக்குடுத்தேன். கியர் கரகரன்னா ஸ்பேனரால வெரல்லயே ஒண்ணு போடுவேன். அப்பறம் ஒழுங்கா போடுவா.” மழை பெய்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். “கடைசில மூணு வெரலு சீழ் வெச்சிடுச்சி. அதுலதான் போயிட்டா.”

அபுல் ஹசனின் உள்ளங்கைக்குக் கீழே ஏதோ அசைந்தது.

குனிந்து பார்த்தான். குமிழும் அவன் கையும்தான் தெரிந்தன. ஆனால் தொடுகை சொன்னது வேறு. மெலிந்த விரல்கள். இரண்டு, மடங்கக் கூடாத பக்கம் மடங்கியிருந்தன. அவன் மணிக்கட்டில் ஒரு கண்ணாடி வளையல் சில்லென்று உரசியது.

“மொதலாளி, வண்டிய நிறுத்திடறேன்.”

“நிறுத்தாத. கியர அழுத்து.”

“கீழ கை இருக்கு.”

“எனக்குத் தெரியும் பாய்.”

பொன்னுரங்கம் தன் கனத்த கையை அவன் கைமேல் வைத்து ஒரே அழுத்தாக அழுத்தினார். முருங்கைக்காய் ஒடிந்த சத்தம். அபுல் ஹசனின் காதருகே யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள், அழவில்லை. கியர் வெண்ணெயில் இறங்குவதுபோல விழுந்தது.

“பாத்தியா. வலிச்சாதான் வழிக்கு வருவா.”

அவர் கையை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி வயலைப் பார்த்தார். அபுல் ஹசன் ஓத நினைத்தான். முதல் சொல்லே நாவில் எழவில்லை. மூன்றாவதுக்கு மாற்றினான். கார் வேகம் எடுத்தது.

புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் வைக்கோல் வண்டியொன்று சாலையை அடைத்துக்கொண்டு ஊர்ந்தது. வேகம் குறைந்தது. இன்ஜின் திணறியது. இரண்டாவது கியர் வேண்டும்.

கிளச்சை மிதித்தான்.

இப்போது அவன் கைமேல் யார் கையும் இல்லை. அழுத்தக் கூடாது. அழுத்தவே கூடாது. கையைத் தூக்கிவிட நினைத்தான்.

அதற்குள் அவன் உள்ளங்கைக்கு அடியில் அந்த விரல்கள், ஒடிந்தவையும் சேர்த்து, ஒவ்வொன்றாக மெல்ல விரிந்து, தாமாகவே நீண்டு, வாகாகப் படுத்துக்கொண்டு காத்திருந்தன.